நன்றியுரை: கன்னியம்மாள்

வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரை மணி. சென்னை பாரிமுனையில் பஸ் ஏறினேன். காஞ்சிபுரம், செய்யாறு வழியாக ஆரணி. சுமார் நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் பதினோரு ரூபாய் இருபது காசு. எண்பத்தைந்தாம் வருஷம், மாசி மாதம். ஜன்னலோர இருக்கை கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். கண்ணாடி பாதியில் மாட்டிக்கொண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பூந்தமல்லி தாண்டுவதற்குள் காது இரண்டும் மரத்துப்போய்விட்டன.

நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளன். வாரத்தில் ஆறு நாள் தவளைகளைப் பாட்டிலில் போட்டு மூடுவது வேலை. ஏழாம் நாள் சென்னையில் உள்ள ஓர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்துக்கு இணைச் செயலாளர். இணைச் செயலாளர் என்றால் கடிதம் எழுதவேண்டும், தபால் தலை ஒட்டவேண்டும், கூட்டத்துக்கு நாற்காலி போடவேண்டும், நோட்டீஸ் எழுதி அச்சுக்குக் கொடுக்கவேண்டும். கைதட்டல் வாங்குவது தலைவரின் பொறுப்பு.

ஆரணிக்குப் பக்கத்தில் ஓர் ஏரி. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. அந்த ஏரிக்குள் அரசாங்கத் திட்டத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு கருவேல மரம் நட்டிருந்தார்கள். மரம் வளர்ந்தது, கொக்கும் நாரையும் வந்து கூடு கட்டின. இப்போது மரங்கள் ஏலம் போய்விட்டன. வரும் செவ்வாய்க்கிழமை வெட்டு. கூடுகளில் குஞ்சுகள் இருந்தன.

இதைப் பற்றி எங்கள் சங்கத்துக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று ஆரணி டவுனில் உள்ள பறவைக் கழகத்திடமிருந்து, கொக்குப் படம் போட்ட லெட்டர் பேடில். மற்றொன்று அந்த ஊர் ஏரிக் கமிட்டியிடமிருந்து, கோடு போட்ட நோட்டுத் தாளில், கீழே ரப்பர் ஸ்டாம்ப் குத்தி. ஊரார் ஏரியில் இறங்கி மீன் பிடித்து, விறகு ஒடித்துப் பறவைகளை விரட்டுகிறார்கள் என்று கழகம் எழுதியிருந்தது. டவுன்காரர்கள் பைனாகுலரோடு வந்து எங்கள் ஏரியில் எங்களையே இறங்காதே என்கிறார்கள் என்று கமிட்டி எழுதியிருந்தது. குஞ்சு பறக்கும்வரை மரத்தை வெட்டக்கூடாது என்று இரண்டு பேரும் எழுதியிருந்தார்கள்.

"ரெண்டு பேரையும் சேத்து வெச்சுட்டு வாங்க. ரெண்டு அமைப்பு ஒண்ணு சேந்தா எந்த ஆபீசரும் கேப்பான்," என்றார் எங்கள் தலைவர். அவருக்கு முழங்கால் வலி. அதனால் நான் கிளம்பினேன்.

செய்யாறு தாண்டியதும் கூட்டம் குறைந்தது. கண்டக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கல்யாண ஜவுளியா சார்?"

"இல்லைங்க, கொக்கு பார்க்கப் போறேன்."

"கொக்கா? மெட்ராஸ்ல இல்லாத கொக்கா ஆரணில கீது?" என்று சிரித்தார். முன்னால் திரும்பி, "யோவ், சார் கொக்கு பாக்க போறாராம்யா," என்று டிரைவருக்கும் கேட்கும்படி சொன்னார். ஆரணி வரும்வரை பஸ்ஸில் எனக்கு அதுதான் அடையாளம்.

காலை பத்தேகால். ஆரணி. கமண்டல நாக நதியில் தண்ணீர் இல்லை. வெள்ளை மணலில் லாரிச் சக்கரத் தடம் மட்டும். ஊருக்குள் நுழைந்ததும் நெல் அவிக்கிற வாசனை. சந்துகளில் ஓடும் சாக்கடை ஒரு தெருவில் கத்திரிப்பூ நிறம், அடுத்த தெருவில் மஞ்சள். பட்டு நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீர் அது. எல்லாம் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகிறது. ஊரில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. கூவத்தின் கரையில் குடியிருப்பவனுக்கு இந்தக் கோபம் வருவது கொஞ்சம் அதிகம்தான்.

பறவைக் கழகத்தின் செயலாளர் தாமோதரன் பஸ் நிலையத்தில் காத்திருந்தார். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர், நாற்பது வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பதினைந்து ரூபாய் வாடகையில் ஒரு லாட்ஜில் அறை பிடித்துத் தந்தார். பிற்பகல் மூன்று மணிக்குச் சந்தவாசல் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினோம். ஒன்பது கிலோமீட்டர், தொண்ணூறு காசு. இறங்கி வரப்பு வழியே இரண்டு கிலோமீட்டர் நடை.

ஏரிக்கரைமேல் ஏறினோம். பாதி ஏரியில் தண்ணீர். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் இலையைவிடப் பறவை அதிகம். அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம். குஞ்சுகள் ஓயாமல் தீனி கேட்கிற சத்தம் கரைவரை கேட்டது. எச்சத்தின் நாற்றமும் வந்தது. கூடுகளை எண்ண ஆரம்பித்தேன். இருநூறுக்கு மேல் கணக்குத் தவறிவிட்டது.

மதகுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நடவு முடித்து வந்தவர் போல முழங்கால்வரை சேறு. இவர்தான் ஏரிக் கமிட்டியின் தலைவி கன்னியம்மாள்.

"மெட்ராஸ் சாரா? வாங்க. வக்காக் குஞ்சு எல்லாம் ரெக்க மொளைச்சிகினு வருது. இன்னும் ஒரு மாசம், ஒண்ணர மாசம். சித்திர பொறந்தா அதுங்க பாட்டுக்குப் போயிடும். அப்புறம் வெட்டிகினா வெட்டிகினு போவட்டும்."

"மரமே வெட்டக்கூடாதும்மா. அதான் எங்க கோரிக்கை," என்றார் தாமோதரன், பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வாத்தியாருக்கு அடுப்பு எரிக்க கேஸ் கீது," என்றார் கன்னியம்மாள் என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு அமைப்புகளின் கடிதங்களில் எழுதியிருந்த முழுச் சண்டையும் அதில் இருந்தது.

அவர் நிலைமையை விளக்கினார். அந்த மரங்களுக்கு முதல் மூன்று கோடையும் குடத்தில் தண்ணீர் ஊற்றியது அவருடைய காலனிப் பெண்கள். ஆடு மேயாமல் முள் கட்டியது அவர்கள் வீட்டு ஆண்கள். இப்போது மரம் எடுத்த ஒப்பந்தக்காரர் வெட்டுக்கூலியாக நாளைக்குப் பன்னிரண்டு ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். நடவு முடிந்து வேலையில்லாத நேரம். அந்தக் கூலி வேண்டாம், குஞ்சு பறக்கும்வரை கோடாலி எடுக்கமாட்டோம் என்று பதினெட்டு வீட்டுக்காரர்களை ஒப்புக்கொள்ள வைத்திருந்தார் கன்னியம்மாள். வீடு வீடாகப் போய் ஒரு வாரம் பேசினாராம்.

"என் ஊட்டுக்காரரே ஒத்துக்கல சார் மொதல்ல. உனுக்கு இன்னா பைத்தியமான்னாரு. மெட்ராஸ்லேந்து பெரிய சங்கத்துக்காரங்க வராங்க, சர்க்கார் பேப்பரு வாங்கிக் குடுப்பாங்கன்னு சொல்லிகீறேன். பேப்பரு வரலன்னா இந்த ஊர்ல என் மூஞ்சியில முழிக்கமாட்டாங்க."

"வரும்மா," என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன்.

சனிக்கிழமை, காலை ஏழு மணி. லாட்ஜ் வாசலில் தெரு நீளத்துக்கு நெசவுக்கான பாவு கட்டியிருந்தார்கள். அரக்குச் சிவப்பில் நூல். அதற்கு அடியில் குனிந்துதான் ஓட்டலுக்குப் போகமுடிந்தது. இட்லி நாற்பது காசு, சாம்பார் சுமார். வெயில் ஏறுமுன் பாவைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அதன்பின் தெருவில் தறிச் சத்தம் மட்டும்.

பதினோரு மணிக்குப் பறவைக் கழகத்தின் அறையில் கூட்டம். அது நெசவாளர் ஏகாம்பரம் வீட்டு மாடி. அவரும் கழக உறுப்பினர். தறியில் உட்கார்ந்தே கொக்கின் குரலை வைத்து இனம் சொல்லிவிடுவார் என்று தாமோதரன் பெருமையாகச் சொன்னார். கழகத்தார் ஐந்து பேர், நான், கன்னியம்மாள். நாற்காலி ஆறு. கன்னியம்மாள் கதவோரம் பாயில் உட்கார்ந்துகொண்டார். அவரை மேலே உட்காரச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். பல மாதம் கழித்துத்தான் தோன்றியது.

ஆனால் பேச்சு நன்றாகவே நடந்தது. கழகம் 'எப்போதும் வெட்டக்கூடாது' என்பதைக் கைவிட்டது. கமிட்டி, ஏரியின் மீன் குத்தகை ஊருக்கே வேண்டும் என்ற தன் கோரிக்கையைக் கைவிட்டது. மனுவில் ஒரே வரி: 'பறவைக் குஞ்சுகள் பறந்து செல்லும்வரை, சித்திரை முடிய, மரம் வெட்டுவதை நிறுத்திவைக்க வேண்டுகிறோம்.' கழகத்துக்காரர்கள் டவுனில் கையெழுத்து வாங்குவது, கன்னியம்மாள் தன் ஊரில் வாங்குவது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரணி பஸ் நிலையத்தில் எல்லோரும் கூடி, ஒன்றாகப் போய் அதிகாரியிடம் கொடுப்பது. ஊரார் கையெழுத்துத்தான் முக்கியம், ஏரி அவர்களுடையது என்று தாமோதரனே சொன்னார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எழுந்து நின்று ஒரு சின்னச் சொற்பொழிவு செய்தேன். பட்டுப் புடவையில் கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் நூல் ஓட்டி நெய்து கோர்வை போட்டு இணைப்பதுபோல நம் இரண்டு அமைப்புகளும் இணையவேண்டும் என்றேன். ஆரணிக்கு வந்து ஒரு நாள்தான் ஆகிறது, அதற்குள் நெசவு கற்றுக்கொடுக்கிறேன்.

ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நல்லாத்தான் சொல்றீங்க சார். ஆனா கோர்வைக்கு ரெண்டு பேரு உக்காரணும். ஒருத்தரு நெய்வாரு, இன்னொருத்தரு அந்தப் பக்கம் குந்திகினு கரை நாடா தள்ளுவாரு. பொடவ யாரு நெஞ்சதுன்னு கேட்டா ஒரு பேருதான் சொல்வாங்க. அந்தப் பக்கம் குந்திகினு இருந்தவரு பேர எவனும் கேக்கமாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாலை நான்கு மணி. ஞாயிறு மாலை ஆரணியில் ஒரு பொதுக்கூட்டம் வைத்தால் திங்கட்கிழமை மனுவுக்குப் பலமாக இருக்கும் என்று முடிவாகியிருந்தது. நோட்டீஸ் எழுதுவது என் வேலை. இதில் எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன். கன்னியம்மாள் மத்தியான பஸ்ஸுக்கே ஊருக்குப் போய்விட்டார். அச்சகத்து மேஜையிலேயே உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் எழுதினேன். 'தலைமை' என்று எங்கள் சங்கத் தலைவர் பெயர், வரமாட்டார் என்று தெரிந்தும். 'முன்னிலை' தாமோதரன். 'வரவேற்புரை' ஏகாம்பரம். 'சிறப்புரை' அடியேன். அமைப்புகளின் பெயர்கள் மேலே, முதலில் சென்னைச் சங்கம், பிறகு பறவைக் கழகம், அதன்கீழ் இடம் போதாமல் சின்ன எழுத்தில் ஏரிக் கமிட்டி.

அச்சுக் கோப்பவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "நன்றியுரை யாருன்னு போடலியே சார்?"

"கன்னியம்மாள்னு போடுங்க."

எனக்கு அப்போது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஒரு கூலிக்காரப் பெண்ணின் பெயர் நோட்டீஸில் அச்சாகிறதே, எத்தனை சங்கத்தில் இப்படிச் செய்வார்கள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ரோஸ் நிறத் தாளில் இருநூறு பிரதி. ஏழு மணிக்கு ஈரம் காயாமல் வாங்கி வந்தோம். ஞாயிறு காலை கழகத்துப் பையன்கள் சைக்கிளில் கொண்டுபோய் அந்த ஏரிக்கரை ஊர் டீக்கடைச் சுவர்வரை ஒட்டிவிட்டு வந்தார்கள்.

ஞாயிறு, மாலை ஐந்து மணி. ஒரு சத்திரத்துக் கூடம். நாற்காலி நூறு, வந்தவர்கள் நாற்பது. பெரும்பாலும் தாமோதரனின் மாணவர்கள், சில நெசவாளர்கள், ஒரு ரைஸ் மில் முதலாளி. முன்வரிசையில் பத்து நாற்காலிகளை ஏரிக்கரை ஊராருக்கென்று காலியாக வைத்திருந்தோம். அவர்கள் வரவில்லை. பஸ் தாமதம் என்று நினைத்துக்கொண்டு என் சிறப்புரையை நீட்டினேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி நீட்டினேன். வாசலையே பார்த்துப் பேசியதில் சொன்னதையே இரண்டுமுறை சொல்லியிருக்கிறேன் என்று பின்னால் தெரிந்தது.

கடைசியில் தாமோதரன் மைக்கில் படித்தார்: "அடுத்து நன்றியுரை, கன்னியம்மாள் அவர்கள்."

யாரும் எழவில்லை. பின்வரிசையில் ஒரு மாணவன் களுக்கென்று சிரித்தான். தாமோதரனே நன்றி சொல்லி முடித்தார். தேசிய கீதம் பாடிக் கலைந்தோம். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று புரிந்தது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. ஆரணி பஸ் நிலையம். டவுனில் வாங்கிய அறுபது கையெழுத்தோடு தாமோதரன் வந்துவிட்டார். ஒன்பதேகாலுக்கு வந்த பஸ்ஸில் கன்னியம்மாள் தனியாக இறங்கினார். சலவைப் புடவை, எண்ணெய் வைத்து வாரிய தலை. கையில் மடித்த தாள். வாங்கிப் பிரித்தேன். நான் எழுதிக்கொடுத்த அதே ஒரு வரி. அதன்கீழ் பெரிய பெரிய எழுத்தில் 'கன்னியம்மாள்'. பக்கத்தில் கமிட்டி ரப்பர் ஸ்டாம்ப். மற்ற இடமெல்லாம் வெள்ளை.

"மற்றவங்க?"

"போடலீங்க."

டீ வாங்கிக் கொடுத்து மெதுவாகக் கேட்டேன். ஞாயிறு காலை ஒப்பந்தக்காரருடைய ஆள் ஊர் டீக்கடைக்கு வந்திருக்கிறான். சுவரில் ஒட்டியிருந்த ரோஸ் நோட்டீஸை மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் கேட்கப் படித்துக் காட்டியிருக்கிறான். ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிறுத்தி. கடைசிவரிக்கு வந்ததும், 'உங்க ஊரு ஆளு பேரு எங்க கீதுன்னு தேடிகினே வந்தன், இதோ கால்மாட்டுல கீது. மெட்ராஸ்காரன் தலைமை, வாத்தியாரு முன்னிலை, நீங்க எல்லாருக்கும் கும்புடு போட்டு நன்றி சொல்லணுமாம்' என்றானாம்.

"அவன் சொன்னது கூட போவட்டும் சார்," என்றார் கன்னியம்மாள். "எங்க ஜனம் கேட்டுச்சி பாருங்க. குடம் குடமா தண்ணி ஊத்துனது நாம, கூலி வாணாம்னு சொன்னது நாம, நாம யாருக்கு நன்றி சொல்லணும்னு கேட்டாங்க. எனுக்குப் பதில் தெரியல. ஊடு ஊடா போனேன். கதவ சாத்திகினாங்க."

"நான் மரியாதைன்னு நினைச்சுத்தாம்மா உங்க பேரைப் போட்டேன்," என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியும் சார். நீங்க பேரே போடாம உட்ருந்தீங்கன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லிருக்க மாட்டாங்க. எங்க பேர யாரு எப்ப போட்டாங்க? எங்குளுக்குப் பழக்கந்தான். போட்டீங்க, கடைசீல போட்டீங்க. கடைசீல நிக்கறதுக்கு இன்னும் ஒரு எடமான்னு ஆயிப்போச்சி. என்னான்ட ஒரு வார்த்த கேட்ருந்தா சொல்லிருப்பேன்."

"பத்து நிமிஷ வேலைதானே இது, நீ எடுத்துச் சொல்லிப் புரிய வைக்கக்கூடாதா?" என்றார் தாமோதரன். அவருக்கும் ஆற்றாமைதான், ஆனால் அவர் முகத்தை அப்போது பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கக் கண்ணாடி இல்லாதது நல்லதாயிற்று.

பத்தரை மணி. எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. அந்த அதிகாரி நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார், கன்னியம்மாளையும் சேர்த்து. மனுவைப் படித்தார். முதல் அறுபது கையெழுத்துகளில் விரலை ஓட்டினார். "இவங்க எல்லாம் ஆரணி டவுன். ஏரி பாசனத்துல இவங்களுக்கு நிலம் கிடையாது." அடுத்த தாளைத் திருப்பினார். அந்த ஒற்றைக் கையெழுத்தைப் பார்த்தார்.

"ஊரே வேணாம்னு எழுதிக் குடுத்திருந்தா, ரெண்டு மாசம் நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரம் உண்டு. செஞ்சிருப்பேன். நானும் அந்த ஏரியைப் பாத்திருக்கேன். ஒருத்தங்க கையெழுத்தை வெச்சு நிறுத்தினா நாளைக்கு ஊர்க்காரங்களே வந்து ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? நீங்களே சொல்லுங்க."

ஊராரின் கையெழுத்து. அவ்வளவுதான் கேட்டார். வெள்ளிக்கிழமை நான் சென்னையைவிட்டுக் கிளம்பாமலே இருந்திருந்தால் கன்னியம்மாள் அதைக் கொண்டுவந்திருப்பார்.

அன்று பிற்பகல் தாமோதரனும் ஏகாம்பரமும் நானும் ஊருக்குப் போனோம். தப்பு எங்களுடையது என்று ஊரார் முன் சொல்லிவிடலாம் என்பது என் யோசனை. காலனிக்குள் நுழைந்தபோது ஆண்கள் யாரும் இல்லை. நாளைக்கு வெட்டுக்குப் பேர் கொடுக்கப் போயிருக்கிறார்கள் என்றாள் ஒரு பெண். அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. புடைத்துக்கொண்டிருந்த நெல்லைப் பார்த்துச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. போகவேண்டாம் என்றார் தாமோதரன். அவர் பள்ளிக்குப் போய்விட்டார். நான் மட்டும் போனேன்.

இரண்டு கிலோமீட்டர் தூரத்திலேயே கோடாலிச் சத்தம் கேட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்று வெட்டினார்கள். மரம் சாயும்போது பறவைகள் மொத்தமாக எழும்பி, ஏரியைச் சுற்றிவிட்டு, அதே இடத்தில் மரத்தைத் தேடி இறங்கப் பார்த்து, மறுபடி எழும்பின. குஞ்சுகள் தண்ணீரில் விழுந்தன. பறக்கத் தெரியாதவை, இறக்கையை அடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டன. காகமும் பருந்தும் வந்துவிட்டிருந்தன. நாய்கள் கரையில் காத்திருந்தன. இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

கன்னியம்மாள் தண்ணீருக்குள் இருந்தார். ஒரு கூடையில் ஈரச் சாக்கு விரித்து, கைக்கெட்டிய குஞ்சுகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எத்தனை பிழைக்கும், யார் மீன் பிடித்து ஊட்டப்போகிறார்கள்? அவருக்கும் தெரிந்திருக்கும். எடுத்துக்கொண்டேதான் இருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். நானும் குஞ்சுகளை எடுத்துக் கூடையில் போட ஆரம்பித்தேன்.

மரத்தின்மேல் கிளை கழிக்க ஏறியிருந்த ஒருவன் கத்தினான்: "ஏய் நன்றியுரை! ஓரமா போ, கெள உழுது!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு உடனே புரியவில்லை. கன்னியம்மாள் சட்டென்று கூடையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார். அந்தப் பெயருக்கு இரண்டு நாளில் பழகிப்போயிருந்தார்.

"அவரு எங்க ஊட்டுக்காரரோட தம்பி," என்றார் என்னிடம், வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல. "சும்மா வெளையாட்டுக்கு."

பதினோரு மணிவரை இருந்தேன். கூடையில் இருபது குஞ்சுகள் இருக்கும். கரையேறியதும் அவருக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று வார்த்தை தேடினேன். அவரே முந்திக்கொண்டார்.

"நீங்க நல்லவருதான் சார். ஒண்ணு சொன்னா கோச்சிக்க கூடாது. இன்னொரு தபா இந்தப் பக்கம் வந்தீங்கன்னா ஏரிய மட்டும் பாத்துட்டுப் போயிடுங்க. என்னான்ட வராதீங்க. நானு இந்த ஊர்லயே இருக்கணும்."

பிற்பகல் ஒன்றரை மணி. ஆரணியில் சென்னை பஸ் ஏறினேன். அதே பதினோரு ரூபாய் இருபது காசு. கால்சட்டையில் இடுப்புவரை சேறு காய்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். ஆறு, நெல் மில், சாயத் தெரு எல்லாம் வரிசையாகப் பின்னால் போயின. ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

சென்னையில் என் தெருவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் உண்டு. அதில் மாலையில் மைனாக்கள் அடையும். அதை நாளைக்கு வெட்ட வந்தால் நான் என்ன செய்வேன் என்று காஞ்சிபுரம்வரை யோசித்தேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவேன். சங்கத்தைக் கூட்டுவேன். நோட்டீஸ் அடிப்பேன். என் தெருவிலும் பதினெட்டு வீடு இருக்கும். ஒரு வீட்டுக் கதவையும் நான் தட்டியதில்லை. பாதிப்பேர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுங்கள் என்று யாரிடமாவது கேட்டு, அவர் விட்டும் கொடுப்பார் என்றால் எனக்கே நம்பிக்கையில்லை. அமைப்புகளை இணைக்கப் போனேன். அங்கே ஏற்கெனவே பதினெட்டு வீடு இணைந்திருந்தது. அதைப் பிரித்துவிட்டு வருகிறேன்.

அடுத்த மாதச் செயற்குழுவில் பயண அறிக்கை கேட்டார்கள். மரம் வெட்டப்பட்டதையும் காரணத்தையும் எழுதிக்கொடுத்தேன். தலைவர் வாசித்துவிட்டு வருத்தப்பட்டார். அவர் வருத்தம் உண்மைதான். பிறகு பேனாவை எடுத்து, இவ்வளவு துக்கமாக முடிக்கவேண்டாமே என்று கடைசியில் தம் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'எனினும், இரண்டு உள்ளூர் அமைப்புகளுக்கும் நம் சங்கத்துக்கும் இடையே நல்லுறவு ஏற்பட்டது.' அதை அடிக்கவேண்டும் என்று நினைத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள், அறிக்கை ஏற்கப்பட்டது, நான் கையெழுத்துப் போட்டேன்.

நல்லுறவு எதுவும் ஏற்படவில்லை. கன்னியம்மாளுக்கு அந்த ஊரில் ஒரு பட்டப்பெயர்தான் ஏற்பட்டது. அதை வைத்தவன் நான்.